உள்ளே பிறந்தவர் எழுதிய குற்றப்பத்திரிகை

விளாதிமிர் திஸ்மனேயானுவைப் பற்றி முதலில் என்னிடம் பேசிய நண்பர், அவருடைய புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "அவங்க அப்பா யாருன்னு தெரியுமா?" என்றுதான் ஆரம்பித்தார். நண்பர் இடதுசாரிக் குடும்பத்தில் வளர்ந்தவர். ருமேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் குற்றவாளி ஆட்சி என்று எழுதிய பேராசிரியரே பழைய கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவரின் மகன்தான் என்பது அவரை அவ்வளவு உறுத்தியது. "உண்ட வீட்டுக்கு இரண்டகம் பண்ணின ஆளுப்பா" என்று முடித்துவிட்டார். சரி, அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும் என்று விட்டுவிட்டேன். ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. ருமேனியாவின் வலதுசாரிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், நேரெதிர் காரணத்துக்காக. இடதுசாரிகளுக்கு அவர் துரோகி. வலதுசாரிகளுக்கு அவர் பாம்பின் குட்டி. இரண்டு தரப்பும் ஒரு மனிதரின் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அந்த மனிதர் நாற்பது ஆண்டுகளாக எழுதியதை யார் படிப்பது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கென்று ஒரு மனத்தாங்கலும் அவர்மீது இருக்கிறது, அது அப்பாவைப் பற்றியது இல்லை.

ஆனாலும் அப்பாவைத் தாண்டிப் போக முடியாது. லியோன்தே திஸ்மனேயானு பெஸ்ஸராபியாவில் (இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதி) பிறந்த யூதர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோவுக்கு எதிராகச் சண்டையிடப் போன, பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்த சர்வதேசப் படையணிக்காரர். அந்தப் போரில் வலது கையை இழந்தபோது அவருக்கு இருபதுகளின் நடு வயதுதான். அம்மா ஹெர்மினா மார்க்குசோன் அதே போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்ட செவிலியர், பிறகு மருத்துவர். இருவரும் ஸ்பெயினிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்குப் போனார்கள். உலகப் போரின்போது லியோன்தே மாஸ்கோ வானொலியின் ருமேனியப் பிரிவில் வேலை பார்த்தார். 1948இல் ருமேனியாவுக்குத் திரும்பினார்கள். அங்கே கம்யூனிஸ்டுகளின் கையில் அதிகாரம் முழுசாக வந்துவிட்டிருந்தது. 1951இல் மகன் பிரஷோவில் பிறந்தான். அந்த ஆண்டில் அந்த ஊருக்குப் பெயர் பிரஷோவ் இல்லை, ஸ்டாலின் நகரம். 1950 முதல் 1960 வரை அப்படித்தான் அழைத்தார்கள். பிற்காலத்தில் ருமேனிய ஸ்டாலினியத்தைப் பற்றிய முக்கியமான வரலாற்றை எழுதப்போகிறவரின் பிறந்த ஊராக இப்படியொரு பெயரைக் கதையில் வைத்தால், ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று அடித்துவிடுவார்கள்.

குடும்பம் சீக்கிரமே புகாரெஸ்டுக்கு வந்தது. அப்பா கட்சியின் அரசியல் பதிப்பகத்தில் உயர்பதவியில் இருந்தார், மார்க்சியம் கற்பித்தார். மேலிடத்துக் குடும்பங்கள் வாழ்ந்த பிரிமவேரி பகுதியில் மகன் வளர்ந்தான். பிற்காலத்தில் நாட்டின் சர்வாதிகாரியான சௌஷெஸ்குவின் மகன் நிக்குவும் அதே உயர்நிலைப் பள்ளியில்தான் படித்தான். இதோடு நிறுத்திவிட்டால் சொகுசுப் பிள்ளையின் கதை ஆகிவிடும். ஆனால் 1950களின் முடிவில் தலைவர் கியார்கியு தேஜ் நடத்திய உட்கட்சிக் களையெடுப்பில் லியோன்தேவும் சிக்கினார். பதவி போயிற்று. வீட்டுக்கு வந்துபோனவர்களில் யார் வருவதை நிறுத்தினார்கள், எந்தப் பெயரை இனி மெதுவாகச் சொல்ல வேண்டும், யாரைப் பற்றிப் பேசவே கூடாது என்பதையெல்லாம் ஒன்பது வயதுப் பையன் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொள்ளக்கூடிய சூழல் அது. பிற்காலத்தில் அவர் எழுதிய கட்சி வரலாற்றில் கொள்கைத் தீர்மானங்களைவிட, யார் யாரை எதற்காக வெறுத்தார்கள் என்பது துல்லியமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆவணக் காப்பகம் திறப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்திருந்தது.

அடோர்னோவைத் திட்டுவதற்காகப் படித்தவர்

அவருடைய கல்வி வாழ்க்கையின் முதல் பாதியைப் பலரும் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சுவாரஸ்யமான பகுதி. 1974இல் புகாரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம். வேலை பல்கலைக்கழகத்தில் அமையவில்லை. கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் சமூகவியலாளராகச் சேர்ந்தார். சௌஷெஸ்குவின் ருமேனியாவில் சமூகவியல் படித்தவர்களை இப்படி அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது வழக்கம்தான். 1970களின் பிற்பகுதியில் அந்தப் படிப்பே தனிப் பட்டமாக இல்லாமல் போனது. சமூகத்தைப் பற்றித் தலைவருக்கு எல்லாம் தெரிந்த பிறகு சமூகவியல் எதற்கு?

அந்த வேலையில் இருந்தபடியே அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஃபிராங்க்ஃபர்ட் சிந்தனைப் பள்ளி. 1976இல் புதிய இடதுசாரிகளையும் ஃபிராங்க்ஃபர்ட் பள்ளியையும் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1980இல் அதே பொருளைச் சுற்றி முனைவர் பட்டம். இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அந்தப் பள்ளியின் சிந்தனையாளர்கள் அடோர்னோ, ஹோர்க்ஹைமர், மார்க்யூசே எல்லோரும் மார்க்ஸிடமிருந்து கிளம்பியவர்கள், ஆனால் மாஸ்கோவுக்குப் போய்ச் சேராதவர்கள். "முதலாளித்துவ உலகின் குழம்பிப்போன இடதுசாரிகளை நான் விமர்சிக்கிறேன்" என்ற முகப்போடு அவர்களைப் படிக்க அனுமதி கிடைக்கும். திட்டுவதற்காக மேற்கோள் காட்டலாம், மேற்கோள் காட்டுவதற்காகப் படிக்கலாம். கிழக்கு ஐரோப்பா முழுவதும் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் செய்தது இதைத்தான். அந்தக் காலத்து இளைஞர் இதழ்களில் கட்சி மொழியில் அவர் எழுதிய கட்டுரைகளை இன்று எடுத்துக் காட்டி, பார்த்தீர்களா இவர் லட்சணத்தை என்கிறார்கள் எதிரிகள். எழுதினார்தான், அதை மறைக்க எதுவுமில்லை. அந்த மொழியில் பேசாமல் அந்த நூலகத்துக்குள் நுழைய வழி இருந்திருக்கலாம் என்று இன்று சொல்வது சுலபம்.

1981இல் அப்பா இறந்தார். அந்த இலையுதிர் காலத்தில் அம்மாவும் மகனும் ஸ்பெயினுக்குப் போக அனுமதி கேட்டார்கள். இளம் வயதில் தானும் கணவரும் போரிட்ட இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். பழைய படையணிக்காரியின் அப்படியொரு வேண்டுகோளைக் கட்சியால் எப்படி மறுக்க முடியும்? அனுமதி கிடைத்தது. அம்மா புகாரெஸ்டுக்குத் திரும்பினார், மகன் திரும்பவில்லை. எந்தப் போர் அந்தக் குடும்பத்தைக் கம்யூனிசத்தின் உள்வட்டத்துக்குக் கொண்டுவந்ததோ, அதே போரின் நினைவுதான் மகன் வெளியேறுவதற்கான கடவுச்சீட்டாகவும் ஆனது. வெனிசுவேலா வழியாக 1982இல் அமெரிக்கா. ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஆய்வு நிறுவனம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வகுப்புகள், ஐரோப்பிய விடுதலை வானொலிக்கு அரசியல் அலசல்கள், கடைசியாக 1990இல் மேரிலண்ட் பல்கலைக்கழகம். அங்கிருந்துதான் அவர் பேராசிரியர் திஸ்மனேயானுவாக அறியப்பட்டார். சௌஷெஸ்கு, மனைவி எலெனா, மகன் நிக்கு என்று ஒரே வீட்டுக்குள் அதிகாரம் திரண்டதை எண்பதுகளில் அவர் அலசியதை, அந்த மகனோடு ஒரே பள்ளியில் படித்தவர் எழுதியது என்பதை மனதில் வைத்துப் படித்தால் இன்னும் கொஞ்சம் காரம் கூடும்.

நான்கு பேர் கட்சியும் நாற்பது லட்சம் பேர் கட்சியும்

2003இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய ருமேனியக் கம்யூனிஸ்ட் கட்சி வரலாறுதான் என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம். எல்லாப் பருவத்துக்குமான ஸ்டாலினியம் என்று பெயர். கட்சி தொடங்கிய 1921 முதல் கடைசி நாள் வரை போகிறது. அதில் மையமான புதிர் ஒன்று இருக்கிறது. 1944இல் சோவியத் படை ருமேனியாவுக்குள் வந்தபோது அந்தக் கட்சியில் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். என் நண்பர் பாஷையில் சொன்னால், நான்கு பேர் சேர்ந்தால் மாநாடு. 1989இல் அதே கட்சியில் சுமார் நாற்பது லட்சம் உறுப்பினர்கள், நாட்டின் மக்கள்தொகையே இரண்டரைக் கோடிக்குள்தான். அப்படியிருந்தும் ஆட்சியைக் கவிழ்த்த அந்த டிசம்பர் புரட்சியில் கட்சியைக் காப்பாற்ற ஒருவர்கூடத் தெருவுக்கு வரவில்லை. கட்சி தோற்கடிக்கப்படவில்லை, ஆவியாகிப் போனது.

இதற்கு அவர் சொல்லும் விளக்கம், ஆரம்பத்திலிருந்தே அந்தக் கட்சிக்குத் தன் மண்ணில் தனக்கு வேர் இல்லை என்ற பயம் இருந்தது என்பது. பெஸ்ஸராபியாவை விட்டுக்கொடுக்கச் சொன்ன மாஸ்கோவின் நிலைப்பாட்டைத் தூக்கிச் சுமந்ததால், முப்பதுகளில் அதை யாரும் ருமேனியக் கட்சியாகவே பார்க்கவில்லை. இந்த அவமானத்திலிருந்து பிறந்தவர்கள்தான் தேஜும் சௌஷெஸ்குவும். 1952இல் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான அனா பவுக்கரை ஓரங்கட்டினார்கள். 1954இல், ஸ்டாலின் செத்து ஓராண்டு கழித்து, இன்னொரு தலைவரான பத்ரஷ்கானுவைச் சுட்டுக் கொன்றார்கள். ஸ்டாலினுக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் அவரைத் தோலுரித்தபோது தேஜ் செய்தது தந்திரத்தின் உச்சம்: எங்கள் ஊர் ஸ்டாலினியர்களை நாங்கள் 1952லேயே விரட்டிவிட்டோம், அதனால் இங்கே திருத்த எதுவுமில்லை என்றார். 1958இல் சோவியத் படை வெளியேறியது. 1964இல் மாஸ்கோவிடமிருந்து விலகி நிற்கும் அறிக்கை. 1968இல் செக்கோஸ்லோவாக்கியா படையெடுப்பைக் கண்டித்து சௌஷெஸ்கு பேசியதும் மேற்குலகமே கைதட்டியது. திஸ்மனேயானு இங்கேதான் ஒரு கோடு கிழிக்கிறார். யுகோஸ்லாவியாவின் டிட்டோவிடமோ ஹங்கேரியின் இம்ரே நாகியிடமோ இருந்தது தேசியக் கம்யூனிசம்; மாஸ்கோவிடமிருந்து விலகியதால் கொஞ்சமாவது தளர்வு வந்தது. ருமேனியாவில் நடந்தது தேசிய ஸ்டாலினியம். ஸ்டாலினியத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே மாஸ்கோவிடமிருந்து விலகினார்கள். சுதந்திரக் கொடி பறந்தது, உள்ளே பூட்டு இறுகியது. ஓர் ஆட்சி வல்லரசை எதிர்த்துப் பேசிவிட்டாலே அதை முற்போக்கு என்று நம்பிவிடுகிற நம்மைப் போன்றவர்கள் நிதானமாகப் படிக்கவேண்டிய இடம் இது.

அந்தப் புத்தகத்தில் யாரையும் அவர் விடவில்லை, ஆனால் யாரையும் பொம்மையாகவும் ஆக்கவில்லை. தேஜ் கொடூரமானவர், ஆனால் ஏன் அப்படி ஆனார் என்பது புரிகிறது. சிறைக்குள் உருவான விசுவாசங்களும் சந்தேகங்களும் எப்படி ஒரு நாட்டை ஆளும் முறையாக மாறின என்பது புரிகிறது. அம்மா, அப்பாவின் தலைமுறை எதை நம்பிக் கையை இழந்தது, பிறகு அந்த நம்பிக்கை அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்ற கேள்வி ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அடியில் ஓடுகிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் இப்படி எழுத மாட்டான்.

எட்டு மாதம்

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். 1989க்குப் பிறகு பதினாறு ஆண்டுகளாக, அந்த ஆட்சியைப் பற்றி ருமேனிய அரசு அதிகாரபூர்வமாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தது. புரட்சி நாள்களில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பொறுப்பேற்க யாருமில்லை. கம்யூனிச ஆட்சியை அரசே கண்டிக்க வேண்டும் என்று எழுத்தாளர்களும் பழைய அரசியல் கைதிகளும் கையெழுத்து வாங்கினார்கள். குடியரசுத் தலைவர் பசெஸ்கு முதலில் தயங்கினார். கண்டிக்க வேண்டுமென்றால் அறிவியல் அடிப்படையில் ஓர் ஆவணம் வேண்டும் என்றார். 2006 ஏப்ரலில் அதற்காக ஓர் ஆணையம் அமைத்து, அதன் தலைவராகத் திஸ்மனேயானுவைப் போட்டார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். ஓர் அரசியல்வாதிக்குத் தீர்ப்பு முன்பே தெரியும், அதன்மீது குத்த ஒரு பேராசிரியரின் முத்திரை வேண்டும். அந்த முத்திரையைக் கொடுக்கலாமா? ஆணையத்தில் இருந்தவர்களைப் பார்த்தால் மறுப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். இளம் வயதிலேயே சிறை சென்ற வரலாற்றாசிரியர் அலெக்ஸாந்த்ரு சுப். சௌஷெஸ்குவுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் போட்டுச் சிறை சென்ற பொறியாளர் ராடு ஃபிலிபெஸ்கு. பாரிஸிலிருந்து முப்பது ஆண்டுகள் வானொலியில் பேசிய மோனிகா லோவினெஸ்கு. லோவினெஸ்குவின் அம்மா ருமேனியச் சிறையில் இறந்தவர். இவர்களிடம் போய், மன்னிக்கவும், எனக்கு விளக்குவதுதான் வேலை, கண்டிப்பது இல்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் அந்த அப்பாவின் மகன்?

சொல்லவில்லை. எட்டு மாதத்தில் அறுநூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை தயாரானது. டிசம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் கூட்டத்தில் பசெஸ்கு பேசத் தொடங்கினார். மாடத்தில் முன்னாள் மன்னர் மிஹாய் உட்கார்ந்திருந்தார், போலந்திலிருந்து லேக் வவேன்சா வந்திருந்தார். பேச்சு தொடங்கியதிலிருந்தே தீவிர தேசியவாதத் தலைவர் வதிம் டுடோரும் அவருடைய மகா ருமேனியக் கட்சி உறுப்பினர்களும் விசிலடித்தார்கள், கத்தினார்கள், அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சௌஷெஸ்குவைப் போற்றிக் கவிதை எழுதிய இதே வதிம் டுடோரின் பெயர் அறிக்கையிலேயே இருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே, குரலை ஏற்றாமல், ருமேனியக் கம்யூனிச ஆட்சி சட்டத்துக்குப் புறம்பானது, குற்றத்தன்மை கொண்டது என்று பசெஸ்கு வாசித்து முடித்தார். இரண்டு வாரம் கழித்து நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்தப் பசெஸ்குவே இளம் வயதில் சௌஷெஸ்குவின் ரகசியப் போலீசுக்கு ஒத்துழைத்தவர் என்று 2019இல் ஒரு நீதிமன்றம் சொல்லி, 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர் கடைசிவரை மறுத்தார்.

வலதுசாரிகளின் தாக்குதலை இங்கே கொஞ்சம் விலக்கிப் பார்க்க வேண்டும். "யார் வீட்டுப் பிள்ளை" என்ற கேள்வி ருமேனியாவில் வெறும் குடும்பக் கேள்வி இல்லை. கம்யூனிசத்தை வெளியிலிருந்து யூதர்கள் கொண்டுவந்து திணித்தார்கள் என்பது முப்பதுகளிலிருந்து ஓடும் பழைய விஷம். அப்பாவின் பெயரை ஒவ்வொரு முறையும் இழுத்தவர்களில் பலர் இழுத்தது அதையும் சேர்த்துத்தான். 1977இல் தனியாளாக சௌஷெஸ்குவை எதிர்த்து நின்ற பால் கோமாவும் திஸ்மனேயானுவின் பிறப்பை வைத்தே அவரைத் தாக்கினார், ஆணையத்துக்கு அழைக்கப்பட்டு பிறகு விலக்கப்பட்டார். துணிச்சல்காரர்கள் எல்லா விஷயத்திலும் நல்ல சகவாசமாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது போலிருக்கிறது.

இளைய இடதுசாரிகளின் விமர்சனம் வேறு ரகம். 2008இல் மால்டோவாவின் தலைநகர் சிஷினவில் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பில் அவர்கள் அறிக்கையைப் பிரித்து மேய்ந்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுக் காலத்தை, அதில் வாழ்ந்த கோடிக்கணக்கானவர்களின் வேலை, வீடு, படிப்பு எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைக்க முடியுமா என்று கேட்டார்கள். என் மனத்தாங்கல் இவர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதே இடத்தில் இல்லை. 1950களின் சிறைகளைக் குற்றம் என்று சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. என் சங்கடம், கேள்வி மாறிப்போனதில் இருக்கிறது. 2003இன் திஸ்மனேயானு, ஏன் நாற்பது லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டார். 2006இன் ஆணையத் தலைவர், யார் குற்றவாளி என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. பெயர்ப் பட்டியல் வந்ததும் பட்டியலில் இல்லாத எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த நாற்பது லட்சத்தில் பெரும்பாலோர் அதே நாட்டில்தான் இருந்தார்கள், சிலர் அந்த அவையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் இலியெஸ்கு விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1989க்குப் பிறகு நாட்டின் முதல் தலைவராக வந்த இந்தப் பழைய கட்சிக்காரரோடு திஸ்மனேயானு நீண்ட உரையாடல் நடத்தி 2004இல் புத்தகமாக வெளியிட்டிருந்தார். மிருதுவாகக் கேட்டிருக்கிறார் என்று வலதுசாரிகள் அப்போதே கடிந்தார்கள். எனக்கோ அவர் செய்ததில் அது உருப்படியான வேலைகளில் ஒன்று. எதிரே உட்கார்ந்து ஒருவரைப் பேசவிட்டால்தான் அவர் எதை மறைக்கிறார் என்று தெரியும். இரண்டே ஆண்டில் அதே இலியெஸ்கு அறிக்கையின் கண்டனப் பக்கங்களில் வந்துவிட்டார். உரையாடல் நடத்திய ஆள் எங்கே போனார்?

ஆணையத்துக்குப் பிறகு நடந்ததும் அந்தப் பாதையின் தொடர்ச்சிதான். 2010இல் கம்யூனிசக் குற்றங்களை ஆராயும் அரசு நிறுவனத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதை உருவாக்கிய மரியஸ் ஓப்ரேயாவைப் பிரதமர் போக் மாற்றிவிட்டு இவரை வைத்தார். ஓப்ரேயா களத்தில் எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தவர், அவருடைய ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 2012 மே மாதம் பொன்டா பிரதமரான கையோடு அந்த நாற்காலி இவரிடமிருந்தும் போனது. ஓர் ஆய்வு நிறுவனத்தின் தலைமை பிரதமர் மாறும்போதெல்லாம் மாறுகிறது என்றால், 2006இல் கொடுத்த முத்திரையின் மதிப்பு என்ன என்று ருமேனியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே 2012இல் கம்யூனிசத்தையும் பாசிசத்தையும் அருகருகே வைத்து அவர் எழுதிய புத்தகம் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. அதில் மறுபடியும் பழைய ஆளைப் பார்க்கலாம். நல்ல மனிதர்கள் எப்படி அந்த நம்பிக்கைக்குள் போனார்கள், எது அவர்களை உள்ளேயே வைத்திருந்தது, சிலர் எந்தக் கட்டத்தில் விழித்துக்கொண்டார்கள் என்று பொறுமையாகத் தோண்டுகிறார். யாராவது கேட்டால் நான் முதலில் 2003 புத்தகத்தைக் கொடுப்பேன், பிறகு இதை. அறிக்கையை, சட்டமும் அரசியலும் எப்படிக் கைகோக்கின்றன என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் தனியாக எடுத்துக்கொள்ளட்டும்.